செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பகா எண் தேடும் குழு, நாகர்கோவில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எல்லோரும் கேட்க நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டும் நம் குழுவுக்குப் பகா எண் எதுவும் சிக்கவில்லை. நம் கம்ப்யூட்டர்கள் அனுப்பிய முடிவு அத்தனையும் ‘பகு எண்’தான். புதிதாகச் சேர்ந்த தம்பிகளுக்கு இது சப்பென்று இருக்கும். பழைய ஆட்களுக்குப் பழகிவிட்டது.

சிக்கியது வேறொருவருக்கு. நாம் இங்கே ஐப்பசி மழையில் இன்வெர்ட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த 2024 அக்டோபரில், அமெரிக்காவைச் சேர்ந்த லூக் டூரன்ட் புதிய மெர்சென் பகா எண்ணைக் (இரண்டின் ஏதோ ஒரு அடுக்கில் ஒன்று குறைவாக வரும் பகா எண்) கண்டுபிடித்தார். இரண்டை 13,62,79,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. 4,10,24,320 இலக்கங்கள். அதற்கு முந்தைய சாதனை 2018 டிசம்பரில் வந்தது, அதில் 2,48,62,048 இலக்கங்கள். புதிய எண்ணைப் பிளக்ஸ் அடித்து வடசேரி பஸ் நிலையத்தில் வைக்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஒரு பக்கத்துக்கு 5,000 இலக்கம் வைத்தாலே 8,200 பக்கத்தைத் தாண்டும் என்று பொருளாளர் கணக்குப் போட்டுக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது.

இந்தக் கண்டுபிடிப்பு நம்மை ஒரு விதத்தில் உலுக்கியது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களில் மெர்சென் பகா எண் தேடும், நாமும் பங்கெடுக்கும் ஜிம்ப்ஸ் திட்டத்தை ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கியதிலிருந்து, கிடைத்த பகா எண்கள் எல்லாம் சாதாரண கம்ப்யூட்டர்களில் கிடைத்தவை. இதுதான் கிராஃபிக்ஸ் கார்டில் கிடைத்த முதல் எண். டூரன்ட் பல நாடுகளில் இருக்கும் டேட்டா சென்டர்களில் ஆயிரக்கணக்கான கார்டுகளை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். டப்ளினில் இருந்த கார்டு ‘பகா எண்ணாக இருக்கலாம்’ என்றது. மறுநாள் சான் ஆன்டோனியோவில் இருந்த இன்னொன்று அதை உறுதிசெய்தது.

செய்தி வந்த வாரமே, நாமும் காசு போட்டு நல்ல கார்டு ஒன்று வாங்கினால் என்ன என்று கேள்வி எழுந்தது. காரசாரமான விவாதம். பத்துக் கோடி இலக்கப் பகா எண்ணுக்கு எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பு அறிவித்த 1,50,000 டாலர் பரிசு இன்னும் யாருக்கும் போகவில்லை என்பதைச் சிலர் அழுத்திச் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அந்த உயரத்தில் அடுக்கு 33 கோடியைத் தாண்டும். அங்கே ஒரே ஒரு எண்ணைச் சோதிக்க வீட்டுக் கம்ப்யூட்டர் மாதக்கணக்கில் ஓட வேண்டும், பழையது என்றால் வருடக்கணக்கில். பரிசுக்காக இதில் இறங்குவதைவிட லாட்டரிச் சீட்டே தேவலாம் என்பது என் கருத்து. அதுவும் நம் மாநிலத்தில் கிடையாது. செயற்குழு கார்டு வாங்குவதில்லை என்று முடிவு செய்தது.

சரி, அப்படியென்றால் நமக்கு என்ன வேலை? டபுள் செக். ஒரு மெர்சென் எண் பகா எண்ணா என்று பார்க்கும் லூகாஸ்–லேமர் சோதனை கோடிக்கணக்கான படிகள் கொண்டது. நடுவில் ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டாலும் கடைசி விடை தப்பு. அதனால் பழைய முடிவுகளை வேறொரு கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டி, கடைசியில் நிற்கும் மீதியின் கடைசி 64 பிட் ஒத்துவருகிறதா என்று பார்க்கிறார்கள். 2020-க்குப் பிறகு புதிய சோதனைகளுக்குக் கணக்கு சரியாக நடந்தது என்று காட்டும் சான்றுக் கோப்பு வந்துவிட்டதால், அவற்றைச் சரிபார்க்க முழுவதையும் திரும்ப ஓட்ட வேண்டியதில்லை. பழைய பாக்கி இன்னும் மலையாய்க் கிடக்கிறது. அதைக் குறைப்பதற்கு நம்முடையதுபோன்ற கம்ப்யூட்டர்கள் போதும்.

இதைத் துப்புரவு வேலை என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. அடுக்கு 1,32,049 கொண்ட மெர்சென் பகா எண் 1983-இலும், 2,16,091 கொண்டது 1985-இலும் கிடைத்தன. அப்புறம் 1988-இல் கோல்கிட், வெல்ஷ் என்ற இருவர் கீழே விட்டுப்போன இடங்களைத் துழாவியபோது 1,10,503 அங்கே இருந்தது. இப்போது டூரன்டின் எண்ணைக்கூட ‘நமக்குத் தெரிந்த’ 52-ஆவது மெர்சென் பகா எண் என்றுதான் சொல்கிறார்கள். அதற்குக் கீழே எல்லாம் சரிபார்த்து முடியவில்லை.

இந்த ஆண்டு நம் முடிவுகளில் ஒத்துவராமல் போனது குளச்சல் அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடியது. அதே எண்ணை மூன்றாவதாக வெளியில் ஒருவர் ஓட்டினார். அவருடைய மீதி முதல் ஆளுடையதோடு ஒத்தது. தப்பு நம் பக்கம். திறந்து பார்த்தால், கடல் காற்றில் ரேமின் கால்கள் மங்கிப்போயிருந்தன, ஸ்லாட் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. துணைச் செயலாளர் ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் கால்களைத் தேய்த்து, பிரஷ்ஷால் தட்டி மாட்டினார். நாம் ஓட்டும் மென்பொருளான பிரைம்95-இல், கம்ப்யூட்டரைத் திணறடித்துப் பிழை வருகிறதா என்று பார்க்கும் டார்ச்சர் டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிய பிறகே சோதிக்கத் திரும்ப எண் வாங்கினோம். கடலோர உறுப்பினர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது மூடியைத் திறந்து பாருங்கள்.

குலசேகரத்தில் இடி விழுந்து ஒரு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போனது. ஹார்ட் டிஸ்க் தப்பியதால் பாதியில் நின்ற வேலை தப்பியது. மென்பொருள் அரை மணிக்கு ஒரு முறை தானாகச் சேமித்துக்கொள்ளும். மின்னல் அடிக்கும்போது பிளக்கையே உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

கரண்ட் பில் பற்றியும் சொல்ல வேண்டும். 100 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 144 யூனிட். மொத்தம் 500-ஐத் தாண்டினால் விகிதமே மாறிவிடும், அப்புறம் வீட்டில் கேள்வி வரும். ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலை சுற்றினாலும் நமக்கு பில் பில்தான். தாங்காதவர்கள் இரவில் மட்டும் ஓட்டுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டரில் அனுமதியில்லாமல் ஓட்ட வேண்டாம். இந்த ஆண்டு ஒருவருக்கு அதனால் மேலதிகாரியிடம் ஏச்சு விழுந்தது.

தக்கலை அருகே பள்ளியில் நடத்திய வகுப்பு நன்றாக அமைந்தது. இரண்டின் 7-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான 127 பகா எண்ணா என்று பிள்ளைகளே லூகாஸ்–லேமர் முறையில் கரும்பலகையில் பார்த்தார்கள். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும்; வந்த மீதியை வைத்து இப்படியே மொத்தம் ஐந்து முறை. 4, 14, 67, 42, 111, கடைசியில் 0. பூச்சியம் வந்தால் பகா எண். 111-ஐ வர்க்கப்படுத்தி 2 கழித்த பெண் குழந்தை 12,319 சரியாக 127-ஆல் வகுபடுவதைக் கண்டு, நம்பாமல் இரண்டாம் முறை வகுத்துப் பார்த்தாள். அவளும் டபுள் செக் கட்சிதான்.

அடுத்து 2,047-ஐக் கொடுத்தோம். இரண்டின் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் வருவது, பகா எண் அல்ல. அந்த 23-ஐ வைத்துத்தான் கணித மேதை எஸ். எஸ். பிள்ளையின் பேச்சை எடுத்தோம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1901-இல் பிறந்து, நம் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தவர். அவர் பெயரால் வழங்கும் ‘பிள்ளை பகா எண்’களில் முதலாவது 23. அதாவது 1 முதல் 14 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 23-ஆல் வகுபடும், ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 1 வராது. ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அவர் படித்த ஊரிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாதது எனக்கு வருத்தம்தான்.

வருகிற ஆகஸ்ட் 31-உடன் 75 ஆண்டு நிறைகிறது. அன்றைக்கு நாகர்கோவிலில் அவர் நினைவாக ஒரு கூட்டம் நடத்த செயற்குழு பரிந்துரைக்கிறது. பேச்சாளருக்கு ஆள் பார்த்தாயிற்று, இடமும் செலவும்தான் பாக்கி. இந்தத் தீர்மானத்தை இன்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் டீ குடிக்க எழுந்திருக்கும் முன் அவரைப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்