செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம். பீடியும் உண்டு, மறைப்பானேன். போன வருஷம் மாந்தோப்பில் ஐந்தாறு மரம் தாண்டினால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். வயசுக் கோளாறு என்று இருந்துவிட்டேன். மாதாமாதம் மாத்திரை வாங்கும் இடத்தில் ஒருநாளும் யாரும் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை.

கடைசியில் ஒரு டாக்டர் பாதத்தின் மேல்புறத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி தேடினார். இடது காலில் அகப்படவில்லை. அப்புறம் கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி, ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியால் பிரஷர் பார்த்தார். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டும். 0.9-க்குக் கீழே வந்தால் கால் ரத்தக்குழாயில் அடைப்பு, எனக்கு 0.6. சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் சுண்ணாம்பேறி இறுகினால் இந்தக் கணக்கு 1.4-ஐத் தாண்டி ஏமாற்றுமாம். அப்போது கால் கட்டைவிரலில் பிரஷர் பார்ப்பார்களாம்.

வீடு தேடி வந்து பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு வரும் பெண்கள் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பாதத்தில் விரல் வைக்க ஒரு நிமிஷம் போதும். அதையும் அவர்களுக்குப் பழக்கிவிட்டால் என்ன?

இப்படிக்கு,
மா விவசாயி ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.