தட்டினால் எழும்பிய டிஸ்க்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளாமே, சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி தவிர குறையொன்றும் இல்லை.

போன வாரம் பரணை ஒழித்தபோது நம் அச்சகக் கணினியின் பழைய ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் அது சுற்றாமல் அடம்பிடிக்கும். நீ விரல் கணுவால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவாய், கிளம்பிவிடும். கைராசிக்காரன் என்று உன்னைக் கொண்டாடினோம். காரணம் இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காலத்து டிஸ்க்கில் சுழற்சி நின்றதும், தகட்டில் தகவலை எழுதிப் படிக்கும் சின்ன முனையான ஹெட் தகட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். தகட்டில் புளோரின் கலந்த மசகு பூசியிருப்பார்கள். இரண்டு பரப்பும் மகா வழவழப்பு. சனி, ஞாயிறு சும்மா கிடந்தால் மசகும் காற்றின் ஈரமும் இடுக்கில் கூடி, நனைந்த கண்ணாடித் துண்டுகள் போல் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மோட்டாரால் பிய்க்க முடியாது. உன் தட்டு அந்தப் பிடியை விடுவித்தது, அவ்வளவுதான். பட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன்!

இப்போது ஹெட்டை ஓரத்தில் ஒரு சரிவில் ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள். மசகும் 1 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்துவிட்டது. கணக்குப் போட்டேன்: மூன்றரை அங்குல டிஸ்க்கில் ஒரு தகட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 12 மைக்ரோகிராம் போதும். ஒரே சொட்டு, சில ஆயிரம் பக்கங்களுக்கு வரும்!

இவ்வளவு மெல்லியதை எண்ணெய் என்று சொல்லவே வாய் வரவில்லை. சங்கிலி போன்ற மூலக்கூறு. அதன் நுனியிலுள்ள ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) தகட்டின் கரிப் பூச்சைப் பற்றிக்கொள்கிறது. பற்றாமல் மிஞ்சியது மெல்ல நகரும். ஹெட் உரசி வழித்த இடத்தை அதுதான் போய் மூடுகிறது. எல்லாமே ஒட்டிக்கொண்டால் காயம் ஆறாது. நகர்வது அதிகமானாலும் வம்பு: நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விளிம்பு மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, மசகு வெளிப்பக்கம் ஒதுங்கும், ஹெட்டிலும் ஏறிக்கொள்ளும். அப்புறம், லேசரால் சூடாக்கி எழுதும் புது டிஸ்க்குகளில் அந்தப் புள்ளி கண நேரம் 400 டிகிரியைத் தாண்டுகிறது. ஆவியாகாமல் அங்கே தாக்குப்பிடிக்க வேண்டும், பாவம்.

பழைய டிஸ்க்கில் நாம் செய்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் இருக்கின்றன. நான் கை வைக்கவில்லை. பொங்கலுக்கு வரும்போது நீயே தட்டிப் பார்.

அன்புடன்,
முருகேசன்