டயாலிசிஸ் பிரிவில் இல்லாத ஊசி: மருந்துக் கொள்முதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசி மூன்று மாதங்களாக இல்லை என்பது தாங்கள் அறியாத செய்தியன்று. வாரம் இருமுறை என் கணவரை அங்கே அழைத்துச் செல்பவள் என்ற முறையில், அந்த ஊசியைத் தடையின்றி வழங்குமாறு வேண்டி இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற வாரம் மருந்து வழங்குமிடத்தில் கேட்டபோது, "டயாலிசிஸ்தான் இலவசமாக நடக்கிறதே, ரத்தத்துக்கு முருங்கைக்கீரை கொடுங்கள்" என்றார்கள். பொட்டாசியம் கூடிவிடும் என்று மருத்துவர் விலக்கச் சொன்ன கீரை அது. டயாலிசிஸ் இயந்திரம் கழிவையும் மிகுதியான நீரையும் அகற்றும். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து, சிவப்பணுக்களை உண்டாக்குமாறு எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொய்டினைச் சுரக்க அதனால் இயலாது. அது சிறுநீரகத்தின் வேலை. என் கணவருக்கு இரும்புச்சத்து போதிய அளவு இருக்கிறது. இல்லாதது அந்த ஹார்மோன் மட்டுமே.

ஊசி கிடைத்த நாட்களில் 10-க்கு அருகில் இருந்த அவருடைய ஹீமோகுளோபின் இப்போது 6.4. தையல் இயந்திரத்தை மிதித்துப் பிழைத்தவர், வீட்டின் பதினான்கு படிகளில் ஏழாவதில் அமர்ந்து, மூச்சு அடங்கும்வரை கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டிருக்கிறார். இருமுறை ரத்தம் ஏற்றியாயிற்று. அவருக்குத் தம் சிறுநீரகத்தைத் தர என் மாமியார் காத்திருக்கிறார். ரத்தம் ஏற்றும்போதெல்லாம் உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாகி, அந்தச் சிறுநீரகம் பொருந்தாமலே போகக்கூடும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊசி இல்லாத ஒவ்வொரு வாரமும் ஒரு தாயின் தானத்தை வீணாக்கிவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

இது கிடைத்தற்கரிய மருந்தும் அன்று. 1989-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து இன்று இந்தியாவிலேயே தயாராகிறது. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. எத்தனை இயந்திரங்கள் உள்ளன என்று அறிவிக்கும் பலகை நுழைவாயிலில் இருக்கிறது. ஊசி இருக்கிறதா என்பதை அறிய மட்டும் நாங்கள் வரிசையில் நின்று, ஊசியைக் குளிர்ச்சி கெடாமல் கொண்டுவர எடுத்துச் சென்ற ஐஸ் பிளாஸ்குடன் வெறுமனே திரும்ப வேண்டியிருக்கிறது.

கடுமையாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்தருள்க. எரித்ரோபொய்டின் ஊசியை இம்மாதமே வழங்கவும், இனி இருப்பு தீருமுன் வாங்கி வைக்கவும், இருப்பு விவரத்தைப் பிரிவின் வாசலில் எழுதிப் போடவும் பணிவுடன் வேண்டுகிறேன். வரும் செவ்வாய்க்கிழமை அவருக்கு அடுத்த டயாலிசிஸ்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மனைவி