31 கைத்தலையணைகள்: ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, இங்கே பினாங்கில் என் வீட்டுக்காரர் டயாலிசிஸ் (மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது) செய்துகொள்ளும் நிலையத்தில் 31 கைத்தலையணைகளையும் 14 போர்வைகளையும் கொடுத்து முடித்தோம். அத்தனைக்கும் கடையில் புதுத்துணி ஒரு முழம்கூட வாங்கவில்லை. எல்லாம் உங்கள் அலமாரியிலிருந்தும் கடைக் கூடையிலிருந்தும் சந்தைப் பாயிலிருந்தும் வந்தவை. வாங்கும்போது வாய் வார்த்தையாக நன்றி சொன்னேன். சிலரிடம் அவசரத்தில் அதைக்கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இது எப்படித் தொடங்கியது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு இது மூன்றாவது வருடம். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். ஊசி போட்ட கையை நாற்காலியின் கைப்பிடியில் நீட்டி வைத்தால், ஊசியை எடுக்கும்வரை அசைக்க முடியாது. அவர் எதையும் வலிக்கிறது என்று சொல்லும் ஆளே இல்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, முழங்கைக்குக் கீழே கைப்பிடி விளிம்பு பதிந்து சிவந்து கிடந்ததைப் பார்த்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

அன்று இரவே அம்மாவின் பழைய பருத்திப் புடவையில் மிஞ்சியிருந்த துண்டை எடுத்து, சின்னதாக ஒரு தலையணை தைத்தேன். அடுத்த முறை அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது எங்கம்மா வாங்கினே?” என்று என்னைக் கேட்டார். நான் தைத்தது என்றேன். “எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?” என்றார். அவ்வளவுதான்.

முதல் நன்றி அங்கே இருக்கும் மிஸ்ஸிக்கு, அதாவது நர்ஸுக்கு. நான் பாட்டுக்கு ஆசை ஆசையாக நாடா வைத்து, கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிற மாதிரி தைத்து எடுத்துப் போனேன். அவர் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வேலை முடிந்த பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஏன் என்று சொல்லிக்கொடுத்தார். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்) இருக்கும் கையில் எதுவும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நாடா, இலாஸ்டிக் இரண்டும் ஆகாது. போர்வை போர்த்தினாலும் ஊசி இருக்கும் கை எப்போதும் வெளியே தெரிய வேண்டும். ஊசி நழுவிவிட்டால் ரத்தம் போவதை உடனே பார்க்க முடியாமல் போர்வை மறைத்துவிடும். ஒருவருடைய தலையணையை இன்னொருவர் வைத்துக்கொள்ளக் கூடாது, அதனால் ஒவ்வொன்றிலும் பேர் இருக்க வேண்டும். உறையைக் கழற்றி வெந்நீரில் துவைக்க முடிய வேண்டும். இவ்வளவையும் கேட்டு வீட்டுக்கு வந்துதான் நான் மறுபடியும் கத்தரியை எடுத்தேன். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நல்லது செய்வதாக நினைத்து யாருக்காவது கெடுதல் செய்திருப்பேன். மிஸ்ஸி, உங்களுக்கு நான் ரொம்பக் கடன்பட்டிருக்கிறேன்.

அப்புறம் லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கும் அக்கா. தீபாவளி சமயத்தில் அவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்திலும் வெட்டி மிஞ்சியதை எனக்காக ஓர் அரிசிச் சாக்கில் சேர்த்து வைத்தார். நான் முதல் தடவை அந்தச் சாக்கைக் கொட்டியபோது மலைத்துப்போனேன். கழுத்து வெட்டிய பிறை வடிவத் துண்டுகள், கைக்குழி வளைவுகள், உள்ளங்கை அகலத்தில் ஜரிகைக் கரை, எல்லாம் பின்னிக்கொண்டு கிடந்தன. அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணால் பார்க்காமலே விரலால் தேய்த்துத் தேய்த்து மூன்று குவியலாகப் பிரித்தார். பட்டு ஒரு பக்கம், பாலியஸ்டர் ஒரு பக்கம், பருத்தி ஒரு பக்கம். “பருத்தி மட்டும் எடு. மத்தது வழுக்கும், வேர்க்கும். நோயாளி கை நாலு மணி நேரம் அதுமேல இருக்கணும் இல்ல?” என்றார். அந்தப் பருத்திக் குவியலிலிருந்துதான் 11 உறைகள் வந்தன. வளைந்த துண்டுகளை நேர் இழை (நெசவு நூல் ஓடும் திசை) பார்த்துச் சதுரமாக்கி, ஒன்றோடு ஒன்று சேர்த்து ஒட்டுத்துணியாக்கும் வித்தையும் அவர் சொன்னதுதான். நேர் இழை பார்க்காமல் சேர்த்தால் துவைத்தபின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தலையணை கோணிப்போகும்.

லோரோங் கூலிட் சந்தையில், சிட்டி ஸ்டேடியம் பக்கமாகப் பாய் விரித்துப் பழைய துணி விற்கும் அங்கிளுக்கு அடுத்து. காலையில் சீக்கிரம் போனால்தான் அங்கே நல்லது கிடைக்கும். என்னால் ஞாயிறு மட்டும்தான் வர முடியும் என்று சொன்னேன். அன்றிலிருந்து ஃபிளானல் துணி எது வந்தாலும் அடியில் மடித்து ஒளித்து வைத்து எனக்குக் கொடுத்தார். டயாலிசிஸ் செய்யும்போது ரத்தம் வெளியே போய்த் திரும்பி வருவதாலும் ஏர்கோன் அறையாலும் பலருக்குக் குளிர் எடுக்கும். போர்வைக்கு ஃபிளானலைவிட நல்லது இல்லை. பழைய ஃபிளானல் வாங்கும்போது நடுவில் தேய்ந்து ஓரத்தில் பலமாக இருக்கும்; வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் எங்கே நூல் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அங்கிளே ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டி, தேய்ந்த இடத்துக்குக் காசு கழித்துக்கொண்டார். கடைசி வாரம் போனபோது ஒரு மைலோ டின் நிறையப் பழைய பொத்தானைச் சும்மா கொடுத்தார்.

ஆகஸ்டில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தைத்து முடித்த ஒன்பது உறைகளை ஒன்றாகத் துவைக்கும் மெஷினில் போட்டுவிட்டேன். அதில் ஒன்றில் சிவப்புப் பருத்தி இருந்தது. திறந்து பார்த்தால் பால் நிறத்தில் இருந்த எட்டும் ரோஸ் கலர். இரண்டு வாரத்து வேலை. மெஷின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அப்போது துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) என்ன என்று கேட்டுவிட்டு, உள்ளே வந்து எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார். பிறகு தன் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து எடுத்து வந்து, என்னிடம் மிச்சம் இருந்த கலர்த் துணி ஒவ்வொன்றின்மேலும் அழுத்தித் தேய்த்தார். சாயம் ஒட்டியதைத் தனியாக வைத்தார், ஒட்டாததைத் தனியாக வைத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெட்டுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும், பருத்தியையும் ஃபிளானலையும் தைக்கும் முன்னே இரண்டு தடவை துவைத்துச் சுருங்க விட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் காலமான தன் கணவரின் மூன்று கைலிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டம் போட்ட பெலிக்காட் கைலி. வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்து அந்தத் துணி எப்படி மெத்தென்று ஆகியிருந்தது தெரியுமா! கன்னத்தில் வைத்தால் எடுக்க மனம் வராது. பெலிக்காட் என்ற பேரே நம் பழவேற்காட்டிலிருந்து வந்தது, அந்தக் காலத்தில் அங்கிருந்து கப்பலில் வந்த துணி என்று சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “அப்படியானால் அது உங்க ஊருக்குத்தானே திரும்பிப் போகுது” என்றார். மக்சிக், கத்தரி வைக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. பாதித் துணி வெட்டாமல் பத்திரமாக இருக்கிறது. உங்கள் பேத்திக்கு ஒரு தலையணை அதிலே தைத்துத் தருகிறேன்.

என் கால் மெஷினின் தோல் பெல்ட் அறுந்த நாளில், கூப்பிட்ட அரை மணி நேரத்தில் வந்து மாற்றிக் கொடுத்த ரிப்பேர் அண்ணனுக்கு நன்றி. பழைய டிஷர்ட் துணியில் தையல் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்துவிட்டு, முனை உருண்டையான ஊசி இரண்டு எடுத்துக் கொடுத்தார். அதன்பிறகு ஒரு தையல்கூட விடவில்லை. கூலி வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாகப் போய்விட்டார்.

ஃபிளாட்டில் ஏழாவது மாடி சீன ஆன்ட்டியும் அவர் பேரப்பிள்ளைகளும் செய்த உதவியைச் சொல்ல ஒரு பக்கம் போதாது. ஆன்ட்டி முன்பு துணி ஃபேக்டரியில் வெட்டும் பிரிவில் இருந்தவர். அட்டையில் அளவு வெட்டி வைத்துக்கொண்டு, ஒரே சமயத்தில் எட்டு அடுக்கு வெட்டுவார். ஓரம் ஒன்றுகூடப் பிசகாது. கேட்டவர்களுக்காக அந்த அளவை இங்கே எழுதிவிடுகிறேன். முன்பக்கம் 32-க்கு 22 சென்டிமீட்டரில் ஒரு துண்டு. பின்பக்கத்துக்கு 22-க்கு 22-ல் இரண்டு துண்டு. அவற்றின் ஒரு ஓரத்தை 1 சென்டிமீட்டராக இரண்டு மடிப்பு மடித்து அடித்துவிட வேண்டும். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, மடித்த ஓரங்கள் நடுவில் 8 சென்டிமீட்டர் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கி, சுற்றிலும் 1 சென்டிமீட்டர் விட்டுத் தைத்துத் திருப்பினால் 30-க்கு 20 அளவில் உறை வந்துவிடும். ஜிப்பும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். கையில் உறுத்த ஒன்றும் இருக்காது. மூலையைக் கூராக எடுக்க, பேரப்பிள்ளைகள் சாப்பிடும் சொப்ஸ்டிக்கின் மழுங்கிய முனையை விட்டுத் தள்ளினார்கள். 31 உறை, 124 மூலை. அத்தனையும் அந்தப் பிள்ளைகள் எடுத்ததுதான்.

உள்ளே அடைக்க யாரோ பஞ்சு கொடுக்க முன்வந்தீர்கள். தூசி பறக்கும் என்பதால் வாங்கவில்லை, மன்னிக்க வேண்டும். பண்டல் கடையில் (பழைய துணிக் கடை) 5 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்த ஃபிலீஸ் போர்வைகளைக் கொதிக்கும் நீரில் துவைத்து, வெயிலில் காயவைத்து, மடிப்பு மடிப்பாக அடுக்கி உள்ளே வைத்தோம். அது கட்டி பிடிப்பதில்லை, மொத்தமாகவே துவைக்கலாம். ஜிப் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவை வீணாகவில்லை. மருந்துச் சீட்டும் மாத்திரையும் வைக்கும் சின்னப் பைகளாகப் பத்து தைத்திருக்கிறேன்.

கொடுத்த அன்று நடந்ததை நீங்கள் யாரும் பார்க்கவில்லை, அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அங்கே சர்க்கரை நோயால் கண் பார்வை மங்கிப்போன ஐயா ஒருவர் இருக்கிறார். பேர் தைத்துக் கொடுத்தால் அவரால் படிக்க முடியாது. இதை ரவிக்கை அக்காவிடம் சொன்னபோது, அவர் குவியலில் ஒதுக்கி வைத்த பட்டுக் கரையில் ஒரு விரல் அகலம் வெட்டி, கை படாத ஓரமாகத் தைக்கச் சொன்னார். அந்த ஐயா தலையணையை வாங்கி, எல்லா ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். கரை வந்த இடத்தில் விரல் நின்றது. மறுபடியும் ஒருமுறை தடவினார். “ஜரிகை மாதிரி இருக்கே” என்றார். ஆமாங்கய்யா, பட்டுப்புடவைக் கரை என்றேன். “என் சம்சாரத்தோட கூறைப்புடவையும் இப்படித்தான் சொரசொரன்னு இருக்கும்” என்றவர், ஊசி போடும்வரை அந்த இடத்திலேயே கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தார். அக்கா, அந்தக் கரை எங்கே போய்ச் சேர்ந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஊசி போட்டால் கையைத் தூக்க முடியாதவர், வீட்டில் இருக்கும் நாளில் 31 பேருடைய பெயரையும் பென்சிலால் துணியில் எழுதிக் கொடுத்தார். அதன்மேல்தான் நான் சங்கிலித் தையல் போட்டேன். அவர் கையெழுத்து அழகு. எனக்கு மட்டும் தெரிந்திருந்தது, இப்போது எல்லாருக்கும் தெரியும்.

போன வாரம் புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், ஒருவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவர்களுக்குத் தைக்க மக்சிக்கின் கைலியும் அங்கிளின் பொடிக்கட்ட ஃபிளானலும் இருக்கின்றன. ரோஸ் கலரான எட்டு உறைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்ட பெண்மணி, தன் பெண்ணுக்கும் அதே நிறத்தில் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா, சாக்கு நிறைந்துவிட்டது என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். ஞாயிறு காலையில் சந்தையை முடித்துக்கொண்டு, பசியாற அப்பம் வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வருகிறேன்.

அன்புடன்,
ஜெலுத்தோங் ஃபிளாட், நாலாவது மாடியிலிருந்து