பாம்பன்ல இறங்கி நட தாயி

தாயி,

நீ அனுப்புன படமெல்லாம் பாத்தேன், ஒரு தடவைக்கு நாலு தடவை பாத்தேன், அம்மாவையும் கூப்பிட்டு உக்கார வச்சு பெருசு பண்ணிக் காட்டுனேன். லீவு நாள்ல தனியா, கைடு யாருமில்லாம, போன்ல மேப்பை மட்டும் வச்சுக்கிட்டு இங்கிலாந்துல டீஸ் ஆத்தங்கரையோரமா அந்தக் காலத்துப் பட்டறைத் தொழிலாளிங்க குடியிருந்த தெருவெல்லாம் நடந்தேன்னு எழுதியிருந்தே. தார்னபிங்கிற ஊரு, செங்கல் வீடு ஒண்ணோட ஒண்ணு சுவரு ஒட்டி வரிசையா நிக்கிது, எல்லாம் சரி. நடுவுல ஒரே ஒரு வரி, "இங்கதான்ப்பா ஹெட் ரைட்சன்னு பெரிய இரும்புக் கம்பெனி இருந்துச்சாம், இப்ப ஆபீஸ் கட்டடமா நிக்கிது"ன்னு போற போக்குல எழுதிட்டே. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

நம்ம பாம்பன் ரயில் தூக்குப்பாலத்தை எங்க செஞ்சாங்கன்னு நீ நினைச்சே? அங்கதான். நான் ரயில்வேல வேலைக்குச் சேந்த புதுசுல பழைய மேஸ்திரி ஒருத்தர் "ஹெட் ரைட்சன், தார்னபி"ன்னு மந்திரம் மாதிரி சொல்லுவாரு, அது ஊரா ஆளான்னு கூட எனக்கு அப்பத் தெரியாது. ஷெர்சர்னு அமெரிக்காக்காரரு கண்டுபிடிச்ச டிசைன், அந்த ஆத்தங்கரைப் பட்டறையில இரும்புல செஞ்சு கப்பல்ல ஏத்தி இங்க கொண்டாந்து மாட்டி 1914 பிப்ரவரி 24-ல ரயில் விட்டாங்க. நீ நின்ன மண்ணுல செஞ்ச இரும்பு மேலதான் உங்கப்பன் முப்பது வருசத்துக்கு மேல நடந்து உனக்கு பீஸ் கட்டுனேன். இதை போன்ல சொல்ல முடியல, அதான் உக்காந்து எழுதுறேன்.

1987-ல அந்த நாட்டுப் பிரதமர் தாட்சர் அம்மா கையில பையோட அந்தக் காலி பொட்டல்ல தனியா நடந்து போற படம் ஒண்ணு அனுப்புனேல்ல, பட்டறையெல்லாம் மூடி இடிச்சு செடி முளைச்சுக் கெடக்கு. அதே 1987-ல நான் தண்டவாளத்தைப் பராமரிக்கிற கேங்மேனா பாலத்துல இருக்கேன். செஞ்சவங்க பொழப்பு அங்க போயிருச்சு, அவங்க செஞ்ச சாமான் இங்க உழைச்சுக்கிட்டு இருக்கு. அந்தப் படத்தை இன்னும் டெலிட் பண்ணாம வச்சிருக்கேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். டிசம்பர்ல வர்றேன்னு சொல்லியிருக்கே. இந்தத் தடவை கார் புடிச்சு பாலத்து மேல வண்டிய ஓரங்கட்டி செல்பி எடுத்துட்டு நேரா ராமேஸ்வரம் போயி கும்புட்டுட்டு தனுஷ்கோடி பாத்துட்டு வர்ற சோலியே வேணாம். அங்க நடந்த மாதிரியே இங்கயும் நட. நமக்கு ஆறு இல்லதான், ஆனா பாம்பன் கால்வாயை நீ ஆறுன்னே வச்சுக்க, அது நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும், வாடைக் காலத்துல வடகடல்ல இருந்து தென்கடலுக்கு இழுக்கும், தெக்கத்திக் காத்தடிக்கிற சோழகக் காலத்துல அப்படியே திருப்பிப் போட்டு தெக்கேருந்து வடக்கே. சின்னப் புள்ளையில நீ கேப்பே, கடல் எங்கப்பா ஓடுதுன்னு. எனக்கு முட்டி வலி, கூட வர முடியாது, அதனால வழிய எழுதித் தர்றேன், தனியாப் போ.

வெள்ளன அஞ்சரைக்கெல்லாம் மண்டபம் பக்கமே இறங்கி ரோட்டுப் பாலத்து மேல நடந்தே வா. அது 1988-ல தொறந்தது, அதுக்கு முன்னாடி தீவுக்குள்ள வர ரயிலு இல்லன்னா படகு, வேற வழி கெடையாது, கார் வச்சிருந்தவங்க கூட காரை ரயில்ல ஏத்தித்தான் கொண்டாருவாங்க. நடுப் பாலத்துல நின்னு ரெண்டு ரயில் பாலத்தையும் பாரு. பழசு 145 கண்ணு, நடுவுல கத்திரி மாதிரி ரெண்டா பிரியிற தூக்கு. ஒவ்வொரு பக்கமும் நானூறு டன்னுக்கு மேல எடை, அதை மோட்டார் இல்லாம ஆளுங்க நின்னு கையால கம்பியச் சுத்திச் சுத்தித்தான் தூக்குவாங்க, கப்பல் தாண்டுற வரைக்கும் ரெண்டு கரையிலயும் சனம் வேடிக்கை பாக்கும். புதுசு 2025 ஏப்ரல் 6-ல தொறந்தது, 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிப்டு மாதிரி நேரா மேல போகும், அஞ்சே நிமிசம். உங்க ஊர்ல நியூபோர்ட் பாலம்னு படம் அனுப்புனியே, 1934-ல கட்டுனது, அதுவும் நேராத் தூக்குற சாதிதான், அதை 1990-க்கு அப்புறம் தூக்கவே இல்லையாமே. பழசுல 2022 டிசம்பர்ல ரயிலை நிப்பாட்டிட்டாங்க, பிரிக்கப்போறாங்கன்னு பேச்சு. நீ வர்றப்ப எம்புட்டு நிக்கிதோ அம்புட்டையும் பாத்துக்க.

பாலத்தைப் பாக்குறப்ப இரும்பைப் பாக்காத, ரிவிட்டைப் பாரு, அதான் இரும்புத் தகட்டைச் சேத்து அடிச்ச ஆணி. கீமேன் வேலைன்னா என்னன்னு உனக்கு நான் ஒழுங்காச் சொன்னதே இல்ல. ஸ்பேனர், சுத்தியல், செவப்புக் கொடி, ஆபத்துன்னா ரயிலை நிப்பாட்ட தண்டவாளத்துல வைக்கிற பட்டாசு எல்லாம் தோள்ல மாட்டிக்கிட்டு தெனமும் நடக்கணும், கீழ கடலு, பக்கத்துல புடிக்க ஒண்ணுமில்ல. போல்ட்டு எது தளந்திருக்குன்னு பாத்து இறுக்கணும். ரிவிட்டு சோதிக்கிறது தனிக் கலை, ஒரு பக்கம் விரலை வச்சுக்கிட்டு மறுபக்கம் சுத்தியலால லேசாத் தட்டுனா, நல்ல ரிவிட்டு கம்முன்னு இருக்கும், ஆடுனது விரல்ல அதிரும். பாலத்துப் பெயின்டு ஆளுங்க வருசம் பூரா அடிச்சாலும் ஒரு முனை முடிஞ்சு வர்றதுக்குள்ள மறு முனையில துரு பூத்திருக்கும், உப்புக்காத்து அப்படி. காத்து 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுனா சிக்னல் தானா செவப்புக்கு மாறி ரயில் நின்னுரும், நாங்க தண்டவாளத்தைப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துருவோம். அந்த ரிவிட்டை அடிச்சவன் தார்னபியில எவனோ ஒருத்தன், அவன் சத்தத்தை நான் எழுபது வருசம் கழிச்சு விரல்ல கேட்டேன், எனக்கு அப்படித்தான் தோணுது.

அப்புறம் கீழ இறங்கி வடக்கு கரைக்குப் போ. டிசம்பர்ல வடகடல் முறுக்கிக்கிட்டு நிக்கும், படகை எல்லாம் தெக்கே மாத்திருப்பாங்க, கரை வெறிச்சுன்னு தெரியும், பயப்படாத. உங்க பாட்டி வடகடலைப் பொம்பளைக் கடல்னும் தென்கடலை ஆம்பளைக் கடல்னும் சொல்லும், ஆனா வாடையில பொம்பளைதான் கோவப்படுவா. அங்கிருந்து ஸ்டேசன். இன்னிக்குப் பாத்தா சின்ன ஸ்டேசன், ஒரு காலத்துல இங்கதான் லைன் ரெண்டாப் பிரிஞ்சு ஒண்ணு ராமேஸ்வரத்துக்கும் ஒண்ணு தனுஷ்கோடிக்கும் போச்சு, தனுஷ்கோடியில இறங்கி கப்பல் ஏறி தலைமன்னார், அங்கிருந்து கொழும்பு. தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன சனம் எத்தனை பேரு இந்த வழியாப் போயிருப்பாங்கன்னு நினைச்சுக்க.

பிளாட்பாரத்துல கொஞ்ச நேரம் உக்காரு. 1964 டிசம்பர் 22, புயலடிச்ச ராத்திரி, 653-ம் நம்பர் பாசஞ்சர் இங்கிருந்துதான் தனுஷ்கோடிக்குக் கெளம்புச்சு, போய்ச் சேரல, நூறு பேருக்கு மேல அப்படியே கடலுக்குள்ள. எனக்கு அப்ப ஆறு வயசு, வீட்டுக் கூரை போயி அம்மா என்னையும் தங்கச்சியையும் சேலையால இடுப்புல கட்டிக்கிட்டு விடிய விடிய நின்னுச்சு. பாலத்துக் கர்டர்ல, அதான் தண்டவாளத்தைத் தாங்குற இரும்பு உத்தரத்துல, பெரும்பகுதி கடல்ல விழுந்துருச்சு. ஸ்ரீதரன்னு ரயில்வேல சின்ன வயசு இன்ஜினியரு, பின்னால டெல்லி மெட்ரோ கட்டுனாரே அவருதான், அவரு தலைமையில விழுந்த கர்டரைக் கடல்ல தேடி எடுத்து 46 நாள்ல திரும்ப மாட்டி ரயில் விட்டாங்க. அதுல உங்க தாத்தா கூலிக்குப் போனாரு. கயிறு இழுத்து உள்ளங்கை பூரா தோலு உரிஞ்சு, சோறு பிசைய முடியாம பாட்டி ஊட்டி விட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஸ்ரீதரன் பேரு எல்லாருக்கும் தெரியும், தெரியணும், பெரிய மனுசன். கயித்தை இழுத்தவங்க பேரு எங்கயும் நான் பாக்கல, அதனாலதான் உனக்குச் சொல்லி வைக்கிறேன்.

அடுத்து தெற்குவாடி. விடிஞ்சு படகு கரையேறுற நேரத்துக்குப் போனா ஏலம் பாக்கலாம், நகரை, சூடை, பாறை, நண்டுன்னு கூறு கட்டிப் போட்டிருப்பாங்க, போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்க, வேலை நேரம் அது. அந்தப் பக்கமே பழைய லைட் ஹவுஸ்.

அங்கிருந்து கரையோடவே சின்னப்பாலம் நட. இது உங்க அம்மா ஊரு, அவ இதைப் பத்தி வாயே தொறக்க மாட்டா, நான் சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் பாசி எடுத்தவ. ஆம்பளைச் சட்டையப் போட்டுக்கிட்டு, விரலுக்கு விரல் துணி சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டி மூச்சைப் புடிச்சு முங்கி பாறையில இருக்குற மரிக்கொழுந்துப் பாசியக் கையால பிச்சு எடுக்கணும். அமாவாசை பௌர்ணமிய ஒட்டி மாசத்துல பன்னெண்டு நாள்தான் போவாங்க, பாசி திரும்ப வளரணும்ல, அந்தக் கட்டுப்பாட்டை அந்தப் பொம்பளைங்களே வச்சுக்கிட்டாங்க. ஐஸ்கிரீம், மாத்திரைக்கெல்லாம் போகுதே அகர் அகர், அது இந்த மாதிரிப் பாசியில இருந்துதான். 1986-ல மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக்குன பெறகு அங்க போக முடியாம பட்ட பாடு பெரும்பாடு. அந்த ஊரு லட்சுமி மூர்த்திக்கு 2015-ல அமெரிக்காவுல, தீவுகளைப் பாதுகாக்குறவங்களுக்குக் குடுக்குற சீகாலஜி விருது குடுத்தாங்க, அன்னிக்கு உங்க அம்மா அழுததை நீ பாக்கல, காலேஜ்ல இருந்தே. அவ விரல்ல இருக்குற வெள்ளைத் தழும்பு எல்லாம் அடுப்புல சுட்டதுன்னு உங்கிட்ட சொல்லியிருப்பா. இல்ல.

கால்ல தெம்பு இருந்தா ஆட்டோ புடிச்சு குந்துகால் போ, விவேகானந்தர் அமெரிக்காவுல இருந்து கொழும்பு வழியா வந்து 1897 ஜனவரி 26-ல இறங்குன இடம், மண்டபம் கட்டி வச்சிருக்காங்க. சாயங்காலம் காத்து நல்லாருக்கும். முடியலன்னா விட்டுரு, அதுக்கு டூரிஸ்ட் பஸ்சே வருது.

குடை எடுத்துக்க, டிசம்பர் மழை சொல்லிட்டு வராது. ஷூ வேணாம், செருப்பு போதும், மண்ணுல நடக்கணும். தண்ணி பாட்டில் மறக்காத.

அப்புறம் ஒரு சோலி. கெளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை அந்தத் தார்னபி கரைக்குப் போயி ஹெட் ரைட்சன்ல வேலை பாத்தவங்க பேரு எங்கயாவது கல்லுலயோ பலகையிலயோ எழுதியிருக்கான்னு பாத்து போட்டோ புடிச்சுட்டு வா. வயசான ஆளுங்க யாராவது இருந்தா பேச்சுக் குடு, அவங்க அப்பனோ தாத்தனோ பட்டறையில இருந்திருப்பாங்க. பாலத்துல ரிவிட்டு தட்டிப் பாத்த ஒருத்தன் பாம்பன்ல இன்னும் இருக்கான்னு சொல்லு.

டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு, அம்மா இப்பவே சூடைக் கருவாடு காய வச்சாச்சு.

அப்பா