முயலுக்கு விஷம் வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். கொலராடோவில் உங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டியின் ஒயரை முயல் கடித்துவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், நடுவில் பேரன் வந்து போனைப் பிடுங்கிக்கொள்வான். அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும். முயலுக்கு விஷம் வாங்கி வைக்கலாம் என்று அவர் சொன்னாராமே, முக்கியமாக அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வண்டி. ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, முன்சக்கரத்துப் பக்கம் ஒரு ஒயர் அறுந்து தொங்குகிறது என்றாய். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கணக்கெடுக்கிற சென்சாரின் ஒயர் அது. தரைக்குப் பக்கத்திலேயே போவதால் முயல் பின்னங்காலில் எழுந்து நின்றாலே எட்டிவிடும். அந்த ஒயர் போனாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் பனியில் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பாற்றுவது அந்தக் கணக்குதான். உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் அது இல்லாத வண்டியில் பேரனை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. சரிசெய்து வரும்வரை மாப்பிள்ளையின் வண்டியிலேயே போய்வாருங்கள். அந்த ஒயருக்குப் பக்கத்திலேயே பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் இருக்கும். அதில் பல் பட்டிருக்கிறதா என்று மெக்கானிக்கைத் தடவிப் பார்க்கச் சொல். ஒயர் போனால் விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும், ஹோஸில் கீறல் விழுந்தால் எந்த விளக்கும் எரியாது.

மெக்கானிக் ஒயரை முறுக்கி டேப் சுற்றித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதே. இங்கே என்றால் நானே அப்படிச் செய்துகொடுத்து அனுப்புவேன். உங்கள் பக்கம் ரோட்டில் பனி கட்டாமல் இருக்க மெக்னீசியம் குளோரைடு கரைசலைத் தெளிக்கிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் டேப்புக்குள் இறங்கிவிட்டால் செம்பு பச்சை பூத்து, அடுத்த குளிர்காலத்துக்குள் அதே விளக்கு மறுபடி எரியும். பல வண்டிகளுக்கு அந்த சென்சார் ஒயரோடு சேர்ந்து ஒரே செட்டாகக் கிடைக்கும். அதை அப்படியே மாற்றிவிடுவதுதான் நல்லது. உள்ளே மெயின் ஹார்னெஸ், அதாவது வண்டியின் மொத்த ஒயர்க்கட்டு வரைக்கும் கடித்திருந்தால், அங்கே மட்டும் கிரிம்ப் போட்டு (ஒயர் முனைகளை உலோகக் குழாயில் வைத்து நசுக்கி இணைத்து), சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்கிற, உள்பக்கம் பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றி மூடச் சொல். மூடும் முன் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அடுத்து, கடித்தது முயல்தானா என்று உறுதி செய்துகொள். வண்டி நிற்கிற இடத்தில் புழுக்கை கிடக்கும். பட்டாணி அளவில் உருண்டையாக, காய்ந்த புல் நொறுங்கினது தெரிகிற மாதிரி இருந்தால் முயல். நீளமாக, அரிசி அளவில் இருந்தால் சுண்டெலி. முயல் ஒயரை வெட்டினால் கட்டிங் பிளேயர் வைத்து நறுக்கினதுபோல் சாய்வாக, சுத்தமாக இருக்கும். எலி ஒரே இடத்தில் உட்கார்ந்து மேல்தோலைச் சுரண்டிச் சுரண்டித் தின்றிருக்கும். டிப்போவில் நிறுத்திப்போட்ட பஸ்களில் எலி வேலையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது அத்துப்படி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பானெட்டுக்குள் சுண்டெலிக் கூடு இருந்தால் நீ அதை வெறும் கையால் எடுத்துப் போட்டுவிடக் கூடாது. உங்கள் பக்கத்து மான்சுண்டெலியின் சிறுநீரிலும் புழுக்கையிலும் ஹாண்டா வைரஸ் இருக்கலாம். 1993-ல் கொலராடோ, நியூ மெக்சிகோ, அரிசோனா, யூட்டா நான்கும் சேர்கிற பகுதியில்தான் அதனால் வருகிற நுரையீரல் நோயை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். காய்ந்த தூசி பறந்து மூச்சில் போவதுதான் ஆபத்து. துடைப்பம், வாக்குவம் எதுவும் வேண்டாம். பிளீச் கலந்த தண்ணீரை நன்றாகத் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு ஈரத்தோடு துடைத்தெடுத்துக் கட்டிப் போட்டுவிடு.

நீ வீடியோவில் காட்டினதைப் பார்த்தால் எனக்கும் முயல் என்றுதான் படுகிறது. உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது காலையில் காபியோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டிரைவ்வே ஓரத்தில் தரையோடு படர்ந்திருக்கிறதே ஜூனிபர் புதர், அதற்குள்ளிருந்துதான் வரும். உங்கள் ஊரில் திரிகிற காட்டன்டெயில் என்கிற காட்டு முயல் வீட்டு முயல்போல வளை தோண்டாது. புதருக்கு அடியிலோ வேறு பிராணி விட்டுப்போன வளையிலோ ஒண்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் தூங்கிக் கழிக்கவும் செய்யாது. பனி மூடிவிட்டால் புல் கிடைக்காது, அப்போது மரப்பட்டையையும் குச்சியையும் கடித்துத்தான் காலத்தை ஓட்டும். மேலே பருந்து, ராத்திரியில் பெரிய ஆந்தை, தரையில் நரியும், ஓநாய் ஜாதியில் சின்னதான கயோட்டியும். இத்தனை பேருக்குத் தப்ப வேண்டிய பிராணிக்கு, இன்ஜின் சூடு இன்னும் ஆறாத, மேலே கூரை மாதிரி மூடின வண்டியைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? உள்ளே புகுந்தபின் பல் சும்மா இருக்காது. முயலுக்கு முன்பல் சாகிறவரை வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இப்போது வருகிற வண்டிகளின் ஒயர் உறையில் சோயா சேர்க்கிறார்கள், அதனால்தான் கடிக்கிறது என்று உன் சிநேகிதி சொன்னதாகச் சொன்னாய். அமெரிக்காவில் அதை வைத்து வழக்குகூடப் போட்டார்கள். நான் அதை முழுக் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சோயா என்ற பேச்சே இல்லாத காலத்துப் பழைய பஸ்களிலும் எலி ஒயரைக் கடித்துத்தான் வைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது நியாயம்தான். செலவு, அலைச்சல், கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு வண்டி இல்லாமல் நிற்பது. ஆனால் விஷம் வேண்டாம். சட்டமும் இடம் கொடுக்காது. 1996-ல் கொலராடோ மக்கள் ஓட்டுப் போட்டு, காட்டு விலங்குகளைக் கால்பொறியாலும் கண்ணியாலும் விஷத்தாலும் பிடிப்பதற்கும் கொல்வதற்கும் மாநில அரசியல் சாசனத்திலேயே தடை கொண்டுவந்தார்கள். எலி, சுண்டெலி போன்ற கொறிக்கும் பிராணிகளுக்கு அதில் விலக்கு உண்டு. முயல் அந்த இனத்தில் சேராது. மேல் முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு ஜோடிச் சின்னப்பல் வைத்திருக்கிற தனி இனம் அது. எலி விஷத்தை வாங்கி முயலுக்கு வைத்துவிடலாம் என்று கடைக்குப் போகும் முன் இதை அவர் யோசிக்க வேண்டும்.

சட்டத்தை விடு. எலி விஷம் தின்ற பிராணி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசிந்து, சில நாட்கள் தள்ளாடிக்கொண்டு திரியும். ஓட முடியாத அதைத்தான் பருந்தும் ஆந்தையும் முதலில் தூக்கும். விஷம் அவற்றின் உடம்பிலும் ஏறும். உங்கள் தெருவில் முயலை அளவில் வைத்திருப்பதே அந்தப் பறவைகள்தான், அவற்றைக் கொன்றுவிட்டு முயல் குறையும் என்று நினைக்க முடியுமா? பக்கத்து வீட்டு நாய் அந்தப் புதரை முகராமல் போனதே இல்லை. உன் மகன் இப்போதுதான் தவழ்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடுகிறான். அவன் விளையாடுகிற புல்தரையில் விஷ வில்லை கிடக்கிறது என்று நினைக்கும்போதே எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை. கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், அதை வாங்கவே வேண்டாம்.

கொன்று தீர்க்கவும் முடியாது. டென்வர் விமான நிலையத்தைப் பற்றி மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். 1995-ல் திறந்தது, 53 சதுர மைல் புல்வெளி நிலம். அங்கே நிறுத்தின வண்டிகளின் ஒயரை முயல்கள் கடிக்கின்றன என்று 2013-ல் பெரிய செய்தியாக வந்தது. மத்திய விவசாயத் துறையின் வனவிலங்குப் பிரிவு ஆட்கள் வந்து மாதம் குறைந்தது 100 முயல்களை அகற்றினார்கள். அவ்வளவு ஆளும் பணமும் இருந்தும் அவர்கள் அதோடு நிறுத்தாமல், வேலி போட்டார்கள், பருந்தும் கழுகும் வந்து உட்கார உயரமான கம்பங்கள் நட்டார்கள். முயலுக்கு 28 நாளில் குட்டி, ஒரு பருவத்துக்குள் பல ஈற்று. உன் டிரைவ்வேயில் நாலைக் கொன்றால் புதர் காலியாகும், அடுத்த தெரு முயல் குடிவரும். கூண்டில் பிடித்து வேறு எங்காவது விட்டுவிடலாம் என்று தோன்றினால், அதற்கும் முன்னால் மாநில வனவிலங்குத் துறையைக் கேட்டுக்கொள்ளுங்கள், இஷ்டத்துக்குக் கொண்டுபோய் விடக் கூடாது.

நான் உன் வீட்டில் இருந்தால் செய்கிற முதல் வேலை கராஜைக் காலி செய்வதுதான். ரெண்டு வண்டி நிற்கிற இடத்தில் அட்டைப்பெட்டியும் பழைய சோபாவும் நிற்கின்றன. வீடு மாறி வந்தபோது பிரிக்காமல் வைத்த பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை என்றால், அது தேவையில்லை என்றுதான் அர்த்தம். வண்டி உள்ளே போய்க் கதவு மூடிவிட்டால் இந்தக் கடிதத்தில் பாதி வேலை முடிந்தது. கதவின் அடியில் ரப்பர் பட்டை தேய்ந்து ஓரத்தில் சந்து இருந்தது, அதையும் மாற்றுங்கள்.

ஜூனிபரை வேரோடு எடுக்க வேண்டாம், அதற்கு வீட்டுச் சங்கத்தைக் கேட்க வேண்டியிருக்கும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குக் கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டால் போதும். உள்ளே வெளிச்சம் விழுந்தால் முயலுக்கு அது ஒளிவிடம் இல்லை.

ஊருக்கு வரும்போது வண்டியை வெளியே விட்டே ஆக வேண்டும் என்றால், சுற்றிலும் கோழிவலை கட்டுங்கள். வலைக்கண் ஒரு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. உயரம் ரெண்டு அடி சொல்வார்கள், ஆனால் பனி குவிந்துவிட்டால் முயல் அதன் மேலேயே ஏறி நிற்கும், மூன்று அடியாகவே வாங்குங்கள். கீழ்விளிம்பு தூக்காதபடி கல்லை வைத்து அழுத்த வேண்டும். இது யாரும் செய்யாத வேலை என்று மாப்பிள்ளை கூச்சப்பட வேண்டாம். கலிபோர்னியாவில் செக்கோயா தேசியப் பூங்காவின் மினரல் கிங் பள்ளத்தாக்குக்கு மலையேறப் போகிறவர்கள், மார்மட் என்கிற பெரிய கொறிப் பிராணி ரேடியேட்டர் ஹோஸைத் தின்றுவிடுகிறது என்று வண்டியை அடியிலிருந்து தார்ப்பாயால் பொதிந்து கட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.

ஒயருக்கு மேல் சுற்ற மிளகாய்க் காரம் ஏற்றின டேப் கிடைக்கிறது, ஹோண்டா கம்பெனியே விற்கிறது. எந்த வண்டிக்கும் சுற்றலாம். சென்சார் மாற்றும்போதே இதையும் சுற்றச் சொல். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், அந்தக் கையோடு கண்ணைக் கசக்கிவிடாதே. அந்த வாடைக்கு முயல் பயப்படும் என்று நரி, கயோட்டி சிறுநீரைப் பாட்டிலில் விற்கிறார்கள், அங்கத்து மெக்கானிக்குகளும் சிபாரிசு செய்கிறார்கள். மழையிலும் பனியிலும் கழுவிப்போகும், திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். அதை நம்பி மட்டும் இருக்காதே. அம்மா பாச்சை உருண்டை போடச் சொல்கிறாள், இங்கே எல்லோரும் பானெட்டுக்குள் போடுவதுதான். வேண்டாம். அந்த வாடை ஏசி வழியாக உள்ளே வரும், கைக்குழந்தைக்கு ஆகாது. புகையிலையும் அதே கணக்குதான்.

இன்சூரன்ஸில் காம்ப்ரிஹென்சிவ் (மோதலால் வராத சேதத்துக்கான பிரிவு) எடுத்திருந்தால் பிராணிகள் கடித்த சேதம் பெரும்பாலும் அதில் வரும். நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையைவிட பில் அதிகமாக இருந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள். அறுந்த ஒயரைத் தூக்கிப் போட்டுவிடாதே.

பேரனுக்கு வேடிக்கை காட்ட நீ கேரட் துண்டு போடுவதை இந்த மாதத்தோடு நிறுத்திவிடு. முயலை ஜன்னலுக்குள்ளிருந்தே பார்க்கட்டும். எங்காவது செத்துக் கிடந்தால் யாரும் தொடக் கூடாது. துலரேமியா என்று ஒரு காய்ச்சல் முயலிலிருந்து மனிதருக்கு வரும், உங்கள் மாநிலத்திலும் அது உண்டு. கையுறை போட்டு, நீளமான மண்வெட்டியால் எடுத்து ரெண்டு பைக்குள் கட்டிப் போட வேண்டும். பேரன் அந்தப் பக்கம் போயிருந்து அப்புறம் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் முயல் விஷயத்தையும் சேர்த்துச் சொல்.

வண்டி எப்போது வரும், சென்சாரை மாற்றினார்களா என்று ஒரு வரி எழுது. மாப்பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை என்னோடு வீடியோவில் பேசச் சொல், வலை எங்கே கட்டுவது என்று இடத்தைப் பார்த்து ரெண்டு பேரும் முடிவு செய்கிறோம்.

அன்புடன்,
அப்பா