பதினாலாம் இலக்கத்துக்கு வடக்கே தாவாரம் இல்லை

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

உப்புவெளி விருந்தினர் விடுதிக்கு நீ அனுப்பிய வரைபடங்கள் வந்து சேர்ந்தன. நாற்பது பேர்ச் காணி, இரண்டு மாடி, பத்து அறை. கம்பியூட்டர் இரண்டாயிரம் வடிவம் போட்டுப் பார்த்துத் தெரிந்தெடுத்த மூன்றில் 14ஆம் இலக்கம்தான் உனக்குப் பிடித்தது என்று எழுதியிருக்கிறாய். அப்பாவும் பார்த்துவிட்டு "வடிவாய் இருக்கு" என்றார். வடிவுதான். ஆனால் பிள்ளை, அது டொரன்டோ வெயிலுக்குக் கீறின கட்டடம்.

வடக்குச் சுவரைப் பார். நாலடி உயரக் கண்ணாடி யன்னல்கள் வரிசையாய் நிற்கின்றன, மேலே வெளியே நீட்டின கூரை ஓரம், அதுதான் தாவாரம், ஒரு அங்குலம்கூடக் கிடையாது. தெற்கே மூன்றடி நீட்டியிருக்கிறது. உங்கள் ஒபிசில் வைத்திருக்கிற கிராஸ்ஹொப்பர் (எண்ணை மாற்றினால் கட்டட வடிவம் மாறுகிற மென்பொருள்) கோப்பை எடுத்து, காணியை மட்டும் மாற்றி ஓட்டியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அங்கே சூரியன் வருடம் முழுவதும் தெற்கே நிற்கும். இங்கே அப்படி இல்லை. திருகோணமலை 8.57 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் ஒருக்கால், ஆகஸ்ட் முடிவில் ஒருக்கால் நடுப்பகல் வெயில் நேர் உச்சிக்கு வரும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாலரை மாதமும் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். யூன் 21இல் உச்சியில் இருந்து 15 பாகை வடக்கே, டிசம்பர் 21இல் 32 பாகை தெற்கே. கணக்குப் போட்டால், நாலடி யன்னலை நடுப்பகலில் முழுக்க நிழலாக்க வடக்கே ஒரு அடி ஒரு அங்குலம் போதும், தெற்கே இரண்டரை அடி வேண்டும். வடக்கே சைபர் வந்திருக்கிறது என்றால் நீ வெயில் கணக்குக்குக் குளிர்கால மாதங்களை மட்டும் கொடுத்திருக்கிறாய். கச்சான் அடிக்கிற, ஊர் கொதிக்கிற மாதங்கள் முழுவதும் கணக்கில் இல்லை.

வெயிலைக் கணக்கிடுகிற லேடிபக்கில் காலத்தை ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, காலை 7 முதல் மாலை 5 வரை என்று ஒரு தரமும், ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரை இன்னொரு தரமும் தனித்தனியாகக் கொடு. இலக்கு வரியையும் பார். அங்கே வெயில் உள்ளே வரவேண்டும் என்று அது "கூட்டு" என்றிருக்கும். இங்கே "குறை" என்று மாற்றவேண்டும். இந்த ஒரு குறி மாறியிருந்தால் இரண்டாயிரம் வடிவமும் வீண். கிழக்கு, மேற்குச் சுவர்களை மென்பொருளிடம் விடாதே. காலை எட்டு மணி, பின்னேரம் நாலு மணி வெயில் தாழ்வாக வருவதால் எந்தத் தாவாரமும் மறிக்காது. மேற்கே யன்னல் பரப்புக்கு மேலெல்லையை நீயே சிறிதாகக் கட்டிவிடு.

வானிலைக் கோப்பை நோட்பாட்டில் திறந்து முதல் வரியை வாசி. ஊர்ப் பெயரும் நிலைய இலக்கமும் அதில் இருக்கும், திருகோணமலைக்கு 43418. கொழும்புக் கோப்பு என்றால் தூக்கி எறி. அங்கே மே மாதம் மழை, இங்கே மே மாதம் வறட்சி. எங்கள் மழை ஒக்டோபரில் தொடங்கி வாடையோடு கடல் பக்கத்தில் இருந்து சாய்வாக அடிக்கிறது. அந்தச் சாரலை உன் வெயில் கணக்குக் காணாது. கடல் பார்த்த அறைகள் எல்லாவற்றுக்கும் 14ஆம் இலக்கம் தரையில் இருந்து கூரை வரை கண்ணாடி போட்டது அதனால்தான். காட்சிக்குப் புள்ளி கொடுத்தாய், மழைக்குப் புள்ளி இல்லை.

இப்போது ஸ்லைடர்கள், வடிவத்தின் எண்களை நீ மாற்றுகிற நகர்த்திகள். எட்டு ஸ்லைடர், ஒவ்வொன்றிலும் இருபது நிலை என்று வைத்திருக்கிறாய். இருபதை எட்டுத் தரம் பெருக்கிப் பார்: 2,560 கோடி வடிவம். ஒன்றுக்குப் பத்துச் செக்கன் என்றால் எண்ணாயிரம் வருடத்துக்கு மேல். நீ பார்த்த இரண்டாயிரம் அதில் ஒரு துளி உப்பு. ஸ்லைடரை ஐந்தாக்கி, ஆறு ஆறு நிலை வைத்தால் 7,776 வடிவம், 21 மணி 36 நிமிடம். ஒரு இரவும் ஒரு பகலும் ஓடவிட்டு எல்லாவற்றையும் பார்த்து முடிக்கலாம், தேடலே தேவையில்லை. எதை வெட்டுவது என்றால், கட்டுகிற மேசனுக்குத் தெரியாத வித்தியாசங்களை வெட்டு. தாவாரம் 60 சென்ரிமீற்றரா 63ஆ என்பது அவருக்கு ஒன்றுதான். வெயிலை அளக்கிற புள்ளிகளின் இடைவெளியையும் தேடலின்போது ஒரு மீற்றராக வை. கடைசிப் பத்து வடிவத்துக்கு மட்டும் கால் மீற்றருக்குக் குறைத்துத் திரும்ப ஓட்டு. பதினாறு மடங்கு புள்ளிகள் கூடும், ஆனால் பத்துத் தரம்தானே.

நல்ல வடிவத்தைத் தேடுகிற கலபகோஸ் ஒரேயொரு எண்ணைத்தான் இலக்காக வாங்கும். அதனால் நீ வெயிலையும் நடைபாதை நீளத்தையும் கூட்டி ஒன்றாக்கியிருக்கிறாய். வெயில் 40,000 கிலோவாற் மணி, நடைபாதை 30 மீற்றர். இரண்டையும் கூட்டினால் நடைபாதை இருந்ததே தெரியாது, அது நாற்பது மீற்றர் ஆனாலும் மென்பொருளுக்கு வலிக்காது. முதலில் கையால் சாதாரணமாய் ஒரு பிளான் கீறி, அதன் வெயிலையும் நடைபாதையையும் அடிப்படையாக வைத்து ஒவ்வொன்றையும் வகு. இரண்டும் 1க்குக் கிட்டவாக வரும், பிறகு கூட்டலாம். இன்னும் நல்லது, பல இலக்குகளை வைத்துத் தேடுகிற வொலேசியில் இலக்குகளைக் கூட்டாமல் தனித்தனியாகவே வைத்து ஓட்டு. ஒன்றைக் கெடுக்காமல் மற்றதைத் திருத்த முடியாத வடிவங்கள் ஒரு வரிசையாக வரும். அந்த வரிசையில் எதை எடுப்பது என்பது உன் வேலை, அதை மென்பொருளிடம் கேட்காதே.

காணியின் பின் எல்லையில் விடவேண்டிய இடைவெளியை மீறின வடிவங்களுக்கு வெறுமையை விடையாகக் கொடுத்திருக்கிறாய். அதுவும் பிழை. ஐந்து சென்ரிமீற்றர் மீறினதும் மூன்று மீற்றர் மீறினதும் மென்பொருளுக்கு ஒரே செத்த விடை. எந்தப் பக்கம் நகர்ந்தால் சரிவரும் என்று அது கண்டுபிடிக்கும் வழி இல்லை. மீறின சதுர மீற்றரை ஒரு பெரிய எண்ணால் பெருக்கித் தண்டமாகச் சேர். கொஞ்சம் கொஞ்சமாகக் காணிக்குள் வரும்.

தாவாரத்தை மட்டும் கவனமாகப் பார். வெயிலைக் குறை என்றால் மென்பொருள் அதை நாலடி, ஐந்தடி என்று இழுத்துக்கொண்டே போகும். அதன் கணக்கில் காசும் இல்லை, காற்றும் இல்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிச் சூறாவளி கரை கடந்தது இந்தக் கரையில், குச்சவெளிப் பக்கம்தான். நீட்டின தாவாரத்தில் காற்று கீழே இருந்து தள்ளும், மேலே இருந்து உறிஞ்சும். இரண்டும் ஒரே திசையில் தூக்கும். கூரை பிய்கிறது என்றால் முதலில் பிய்வது அந்த ஓரம். தாவாரத்துக்கு 75 சென்ரிமீற்றர் மேலெல்லை போடு, கைமரம் ஒவ்வொன்றையும் கீழே பீமோடு இரும்புப் பட்டியால் கட்டுகிற விபரத்தையும் வரைபடத்தில் காட்டு. அதற்கு மேல் நிழல் வேண்டுமென்றால் விறாந்தை வை, தூண் தாங்கட்டும்.

அறை அகலம் 3.57, 3.71, 3.64 என்று வந்திருக்கிறதே, அதைப் பார்த்தால் கட்டுகிறவருக்குக் கோபம்தான் வரும். சீமெந்துக் கல் சாந்தோடு சேர்த்து 40 சென்ரிமீற்றர். ஸ்லைடரை முழு எண்ணாக வைத்து 0.4ஆல் பெருக்கு: ஒன்பது கல் 3.6, பதினொரு கல் 4.4. கல் உடைக்கத் தேவையில்லை, பீமுக்கு அடித்த பலகையை அடுத்த அறைக்கும் எடுக்கலாம்.

தூண்களை 15 சென்ரிமீற்றர் சுவருக்குள் ஒளித்திருக்கிறாய். கடற்காற்றில் உப்பு வருகிற இடத்துக்கு யூரோகோட் 2 (ஐரோப்பியக் கொன்கிறீற்று விதிநூல்) சொல்கிற கவர், கம்பியை மூடுகிற கொன்கிறீற்றுக் கனம், 35 மி.மீ., வேலைத்தவறுக்குப் பத்துச் சேர்த்தால் 45. இரண்டு பக்கமும் 90 போக மிச்சம் 60. கம்பிகளைச் சுற்றுகிற ஆறு மி.மீ. ஸ்ரிரப் வளையம் இரண்டு பக்கமும் போக 48. பன்னிரண்டு மி.மீ. கம்பி இரண்டு போக நடுவில் 24. இருபது மி.மீ. சல்லிக்கல் போட்ட கொன்கிறீற்றுக்குக் குறைந்தது 25 வேண்டும். ஒரு மி.மீ.தானே என்று விட்டால் கம்பி ஒரு பக்கம் சாய்ந்து கவர் குறையும், உப்பு உள்ளே போகும், சில வருடத்தில் தூண் நெடுகிலும் வெடிப்பு. 22.5 சென்ரிமீற்றர் தூண் போடு. அது சுவரை விட்டு வெளியே தெரிந்தால் தெரியட்டும்.

நில அளவையாளர் தந்த கோப்பை அப்படியே வரைகிற மென்பொருளான ரைனோவுக்குள் இழுக்காதே. தேசிய ஆள்கூற்றில் உப்புவெளி கிழக்கே ஐந்நூற்றைம்பதாயிரம் மீற்றர், வடக்கே அறுநூற்றெழுபத்தேழாயிரம் மீற்றர் அளவில் வரும். பூச்சியத்தில் இருந்து அவ்வளவு தூரத்தில் கோடுகள் நடுங்கும், சுவர்கள் மூடாது, வெட்டுகள் காரணம் தெரியாமல் தோற்கும். காணியின் ஒரு மூலைக்கல்லைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, நகர்த்தின அளவை ஒரு இடத்தில் எழுதி வை. மீற்றரா மில்லிமீற்றரா என்பதைப் பேர்ச்சால் சோதி: நாற்பது பேர்ச் 1,012 சதுர மீற்றர் வரவேண்டும்.

உங்கள் டொரன்டோவிலேயே ஒட்டோடெஸ்க் என்ற மென்பொருள் கம்பனி தன் மார்ஸ் கட்டடத்து ஒபிசை இப்படித்தான் அமைத்தது, பத்தாயிரத்துக்கு மேல் வடிவம் போட்டு. அவர்கள் வைத்தது ஆறே இலக்கு, அதில் எங்கே யாரோடு இருந்து வேலைசெய்ய விருப்பம் என்பதை ஊழியர்களையே கேட்டு எழுதினார்கள். உன் விடுதியில் அறை துடைக்கப்போகிறவர்கள் துணி மூட்டையோடு எத்தனை தரம் படி ஏறுவார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. துணி அறையை 14ஆம் இலக்கம் கீழே வடமேற்கு மூலையில் தள்ளியிருக்கிறது, படி தென்கிழக்கில்.

அடுத்த முறை படம் மட்டும் அனுப்பாதே. ஸ்லைடர்களுக்குப் பெயர் போட்ட கோப்பு, எல்லைகள் எழுதின ஒரு தாள், அதே தேடலைத் திரும்ப ஓட்ட உதவுகிற ஆரம்ப எண், மூன்று வடிவத்துக்கும் இலக்கு வாரியாக எண்கள், எல்லாம் வேண்டும். காணி உயர்நீர் மட்டக் கோட்டில் இருந்து 300 மீற்றருக்குள் கிடக்கிறது, ஆகவே கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் எடுக்கவேண்டும். அங்கே கேட்கிற இடைவெளியும் உள்ளூராட்சிச் சபை கேட்கிற இடைவெளியும் ஒன்றாய் இராது; கூடினதை எல்லையாகப் போடு. அந்த இரண்டு அளவையும் எழுத்தில் வாங்கித் தரும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை போவார். அது வரும்வரை திரும்ப ஓட்டாதே.

அன்புடன்,
அம்மா